ரொமாரியோ போட்ட கணக்கு

2007 மார்ச் 25. ரியோ டி ஜெனீரோவில் வாஸ்கோ ட காமா அணிக்கும் ஃபிளமெங்கோ அணிக்கும் ஆட்டம். வாஸ்கோவின் பதினோராம் எண் சட்டைக்காரர் ரொமாரியோ ஒரு கோல் போட்டார். அது தன்னுடைய 999-வது கோல் என்று அவரே அறிவித்தார். அன்றிலிருந்து அடுத்த கோலுக்காக ஊரே காத்திருக்க ஆரம்பித்தது. ஒரு வாரம் போனது, அப்புறம் இன்னொரு வாரம், ஏப்ரல் முழுதும் போயே போய்விட்டது. கோல் மட்டும் வரவில்லை. மே 20 அன்று, வாஸ்கோவின் சொந்த மைதானமான சாவோ ஜனுவாரியோவில், ஸ்போர்ட் ரெசிஃபி அணிக்கு எதிராக இரண்டாம் பாதி தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒரு பெனால்ட்டி கிடைத்தது. பந்தை எடுத்து வைத்தவருக்கு வயது 41. கோல் கீப்பர் மக்ராவோவைத் தாண்டிப் பந்து வலைக்குள் போனது. உடனே பத்திரிகைக்காரர்களும் புகைப்படக்காரர்களும் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். ஆட்டம் பல நிமிடங்கள் நின்றது. ரொமாரியோ அழுதார்.

ஆயிரம் கோல். அது உண்மையா?

'ஆமாம், ஆனால்' என்றுதான் பதில் சொல்ல வேண்டும். அந்த 'ஆனால்' என்ன என்று பார்க்கப் போனால் ரொமாரியோ ட சோசா ஃபாரியா என்ற ஆட்டக்காரரின் முழு வாழ்க்கையும் அதற்குள் இருக்கிறது. ஆயிரத்தை எண்ணியவர் அவரேதான். சிறுவர் அணிகளில் அடித்தது, நட்பு ஆட்டங்களில் அடித்தது, யாரோ ஒருவரின் பிரியாவிடை ஆட்டத்தில் அடித்தது என்று எல்லாமே அவர் நோட்டில் ஏறியிருந்தன. அதிகாரப்பூர்வமான முதன்மை அணிப் போட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் எழுநூற்றுச் சொச்சம்தான் தேறும் என்பது புள்ளிவிவரக்காரர்களின் வாதம். பிரேசில் பத்திரிகைகள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தன. வாழ்த்துச் சொன்ன ஃபிஃபாவும் அந்த எண்ணுக்கு முத்திரை குத்தவில்லை. ரொமாரியோ எதற்கும் அசரவில்லை. கோல் போடுகிறவன் நான், எண்ண வேண்டியவனும் நான்தான் என்பது போல இருந்தார். ஆட்ட வாழ்க்கை முழுக்கவே அவர் அப்படித்தான் இருந்தார்.

பிரேசிலில் இப்படி எண்ணுவதற்கு ஒரு முன்கதை உண்டு. 1969 நவம்பர் 19-ஆம் தேதி ரியோவின் மரக்கானா அரங்கில் பெலே தன் ஆயிரமாவது கோலைப் போட்டார். அதுவும் பெனால்ட்டிதான். எதிரணி எது தெரியுமா? இதே வாஸ்கோ. பெலேயின் அந்த ஆயிரத்திலும் சாந்தோஸ் கிளப் ஊர் ஊராக, நாடு நாடாகப் போய் ஆடிய காட்சி ஆட்டங்கள் உண்டு. ராணுவ சேவையில் இருந்தபோது படை அணிக்காக அடித்தவையும் உண்டு. ஆகவே ரொமாரியோவை மட்டும் கள்ளக்கணக்கு எழுதியவர் என்று சொல்வது நியாயமில்லை. பெலேயின் அளவுகோலைத்தான் அவர் கையில் எடுத்தார். கொஞ்சம் கூடுதலாக இழுத்தார், அவ்வளவுதான். (பின்னர் 2014-இல் துலியோ மராவில்யா என்ற இன்னொரு முன்கள வீரர் 44 வயதில், அரசா என்ற சின்ன ஊர் அணிக்கு ஆடி, தனக்கும் ஆயிரம் ஆகிவிட்டது என்றார். அந்தக் கணக்கைக் கேட்டபோது பிரேசில்காரர்களே சிரித்துவிட்டார்கள்.)

இந்தப் பெரிய எண்கள் பிரேசிலில் மட்டும் முளைப்பதற்குக் காரணம் அந்த நாட்டின் போட்டி அட்டவணை. ஐரோப்பாவில் ஒரு கிளப்புக்குத் தேசிய லீக், ஓரிரு கோப்பைப் போட்டிகள், அதோடு சரி. பிரேசிலில் தேசிய லீக் போக, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக ஒரு சாம்பியன்ஷிப்பும் நடக்கும். நாடு பரந்தது, அந்தக் காலத்தில் பயண வசதி குறைவு. அதனால் தேசிய லீக் என்ற ஒன்று உருவாக வெகுகாலம் பிடித்தது. அதற்குள் மாநிலப் போட்டிகள் ஆழமாக வேர் விட்டிருந்தன. ரியோ மாநிலப் போட்டிக்குக் கரியோக்கா என்று பெயர். வாஸ்கோ, ஃபிளமெங்கோ, ஃப்ளுமினென்ஸ், பொட்டாஃபோகோ ஆகிய நான்கு பெரிய கிளப்புகளும் அதில் ஒன்றோடொன்று மோதும். கூடவே பேட்டைக் கிளப்புகளும், மாநிலத்தின் உள்ளூர்களிலிருந்து வரும் சின்ன அணிகளும் ஆடும். வருடத்துக்கு அறுபது எழுபது ஆட்டம் என்பது அங்கே சாதாரணம். சின்ன அணிகளின் தடுப்பாட்டம் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கரியோக்காவில் அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தை ரொமாரியோ ஏழு முறை பிடித்தார்: 1986, 1987, அப்புறம் 1996 முதல் 2000 வரை இடைவெளியே இல்லாமல் ஐந்து வருடம்.

இதை வைத்து, சின்ன அணிகளைப் போட்டுத் தாக்கி எண்ணிக்கை ஏற்றியவர் என்று அவரை ஒதுக்கிவிடலாமா? அங்கேதான் இடிக்கிறது. பெரிய மேடைகளிலும் அவர் அதையேதான் செய்தார்.

பிறந்தது 1966 ஜனவரி 29, ரியோவின் ஜகரெசின்யோ ஃபவேலாவில், அதாவது குடிசைப் பகுதியில். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் விலா ட பேன்யா என்ற பகுதிக்கு வந்துவிட்டது. அப்பா எடெவாய்ர் அங்கே பேட்டைப் பையன்களைச் சேர்த்து எஸ்ட்ரெலின்யா என்ற குட்டி அணியை நடத்தினார். மகன் அந்தப் பையன்களிலும் குட்டையானவன். வளர்ந்த பிறகும் 167 சென்டிமீட்டர்தான். பைஷீன்யோ, அதாவது 'குட்டையன்' என்ற செல்லப் பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ஒலாரியா என்ற சின்னக் கிளப்பின் சிறுவர் அணியிலிருந்து வாஸ்கோவுக்கு வந்தார். 1985-இல் முதன்மை அணியில் முதல் ஆட்டம். இந்த வாஸ்கோ, கோழிக்கோட்டில் வந்திறங்கிய அதே போர்த்துகீசிய மாலுமியின் பெயரில் உள்ள கிளப். அந்தக் கடல் பயணத்தின் நானூறாம் ஆண்டான 1898-இல் ரியோவின் போர்த்துகீசியக் குடியேறிகள் படகுப் போட்டிக்கென்று ஆரம்பித்தது, பிற்பாடு கால்பந்துக்கு மாறியது.

1988 சியோல் ஒலிம்பிக்ஸில் ஏழு கோல் போட்டு, அந்தப் போட்டியிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார். இறுதி ஆட்டத்தில் சோவியத் யூனியனிடம் பிரேசில் 2-1 என்று தோற்றது. பிரேசிலின் அந்த ஒரு கோலும் அவருடையதுதான். அந்த வருடமே நெதர்லாந்தின் பி.எஸ்.வி. ஐந்தோவன் அவரை வாங்கியது. ஐரோப்பியக் கோப்பையை அப்போதுதான் வென்றிருந்த அணி அது. ஐந்து சீசன், மூன்று லீக் பட்டம், முதல் மூன்று சீசனிலும் லீக்கின் அதிக கோல் அடித்தவர். லீக்கில் 109 ஆட்டத்தில் 98 கோல். குளிர் பிடிக்கவில்லை, பயிற்சி பிடிக்கவில்லை, ரியோவை விட்டு இருக்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் கோல் வந்துகொண்டே இருந்தது. அங்கே பயிற்சியாளராக இருந்த குஸ் ஹிடிங்க் பின்னாளில் ஒன்றைச் சொல்லிச் சிரிப்பார். பெரிய ஆட்டத்துக்கு முன்னால் தான் பதற்றமாக இருப்பதைப் பார்த்தால் ரொமாரியோ பக்கத்தில் வந்து, கவலைப்படாதீர்கள், நான் கோல் போடுவேன், நாம் ஜெயிப்போம் என்பாராம். பத்துக்கு எட்டு தடவை அப்படியே நடந்ததாம்.

அப்படி என்னதான் செய்தார்? ஆட்டத்தின் பெரும்பகுதியில் ஒன்றுமே செய்யவில்லை என்பதுதான் பதில். பெனால்ட்டிப் பகுதியின் ஓரத்தில் நிற்பார், நடப்பார். பந்து அந்தப் பக்கம் இருந்தால் திரும்பிப் பார்ப்பதுகூட இருக்காது. உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்கு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதே நிற்பு. பாஸ் கிளம்பும் அந்த நொடியில் நான்கைந்து எட்டு வைத்துப் பாய்வார். அந்த நான்கைந்து எட்டில் அவரோடு ஓடி ஜெயித்த தடுப்பாட்டக்காரர் அநேகமாக இல்லை. குட்டை உடம்பு, தரையை ஒட்டிய இடுப்பு, தடித்த தொடைகள். நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்கு வர நெட்டையானவர்களுக்கு எடுக்கும் நேரம் அவருக்கு எடுக்காது.

அடுத்து, அந்த உதை. ஊர் மைதானத்தில் பந்து பழக்கும் எந்த மாஸ்டரும் முதலில் திட்டுவது ஷூ நுனியால் உதைப்பதைத்தான். நுனியால் உதைத்தால் பந்து எங்கே போகும் என்று உதைத்தவனுக்கே தெரியாது என்பார்கள். ரொமாரியோவின் பிரபலமான கோல்களில் பல அந்த நுனிக்கால் குத்தில் வந்தவை. பிரேசிலில் இதற்கு பீக்கோ, அதாவது அலகு என்று பெயர். சிறிய தளத்தில், கனத்த பந்தில் ஆடும் உள்ளரங்கக் கால்பந்தில் பையன்கள் இதைப் பழகிவிடுவார்கள். இதன் லாபம் எளிமையானது. சாதாரண உதைக்குக் காலைப் பின்னால் இழுத்து வீச வேண்டும். அந்த இழுப்பைப் பார்த்துத்தான் கோல் கீப்பர் தன் பாய்ச்சலுக்குத் தயாராகிறார். குத்துக்கு அந்த இழுப்பே கிடையாது. ஓடுகிற எட்டோடு எட்டாக ஷூ நுனி பந்தைத் தொட்டுவிடும். கீப்பர் இன்னும் ஓட்டம்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார். 1994 உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிரான முதல் சுற்று ஆட்டத்தில் வந்த கோலை யூடியூப்பில் தேடிப் பாருங்கள். பந்தோடு வருகிறார், முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள், உதைக்கப் போகிறார் என்பதற்கான அடையாளமே இல்லை, பந்து வலையில் கிடக்கிறது.

1993 கோடையில் பார்சிலோனா அவரை வாங்கியது. பயிற்சியாளர் யோஹான் கிரைஃப். இந்த சீசன் 30 கோல் போடுவேன் என்று வந்த கையோடு சொன்னார். முதல் லீக் ஆட்டத்திலேயே ரியல் சோசியதாதுக்கு எதிராக ஹாட்ரிக். சீசன் முடிவில் 33 ஆட்டத்தில் மிகச் சரியாக 30 கோல். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடன் வாங்கியவன் தவணை கட்டி முடித்தது போல. லீக் பட்டமும் கிடைத்தது. கடைசி நாளில் தெபோர்த்திவோ அணி கடைசி நிமிடப் பெனால்ட்டியைத் தவறவிட்டதால் கிடைத்த பட்டம் அது. அப்போது ஓர் அணியில் ஒரே நேரத்தில் மூன்று வெளிநாட்டவர்தான் ஆடலாம். பார்சிலோனாவிடம் கூமன், லாட்ரப், ஸ்தோய்ச்கோவ், ரொமாரியோ என்று நான்கு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் வெளியே உட்கார வேண்டும். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் லாட்ரப் உட்கார்ந்தார், மிலான் 4-0 என்று வென்றது.

அந்த சீசனில் ஒரு கோலை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். 1994 ஜனவரி 8, கேம்ப் நோவில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஆட்டம். குவார்டியோலா தரையோடு அனுப்பிய பந்து ரொமாரியோவிடம் வருகிறது. கோலுக்கு முதுகு காட்டியபடி நிற்கிறார். முதுகை ஒட்டி மாட்ரிட்டின் அல்கோர்ட்டா. சாதாரணமாக யாராக இருந்தாலும் பந்தை முதலில் நிறுத்துவார்கள், பிறகு திரும்புவார்கள். ரொமாரியோ வலது காலால் பந்தைத் தொட்டார், அதைக் காலை விட்டு விலகவே விடாமல் தரையில் ஓர் அரைவட்டம் இழுத்தார், பந்தோடு தானும் சுழன்றார். நிறுத்துவதும் திரும்புவதும் ஒரே அசைவு. அல்கோர்ட்டா பாதி திரும்பிய நிலையில் பின்தங்கிவிட்டார். முன்னேறி வந்த கீப்பரைத் தாண்டி ஒரு நுனிக்கால் தட்டு. ஸ்பெயினில் இந்த அசைவுக்குப் பசுவின் வால் என்று பெயர். ஈ ஓட்ட மாடு வாலைச் சுழற்றுவதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும். அன்று அவர் மூன்று கோல், பார்சிலோனா 5-0. பாவம் அல்கோர்ட்டா. நல்ல தடுப்பாட்டக்காரர், ஆனால் உலகம் அவரை அந்த இரண்டு நொடிக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

கிரைஃப் சொன்ன இன்னொரு கதையும் உண்டு. ரியோ கார்னிவலுக்குப் போக ரொமாரியோ இரண்டு நாள் கூடுதல் விடுமுறை கேட்டார். நாளைய ஆட்டத்தில் இரண்டு கோல் போடு, தருகிறேன் என்றார் கிரைஃப். மறுநாள் இருபதே நிமிடத்தில் இரண்டாவது கோலைப் போட்டுவிட்டு, வெளியே எடுங்கள் என்று கைகாட்டினார் ரொமாரியோ. என் விமானம் ஒரு மணி நேரத்தில் கிளம்புகிறது என்றாராம். கதையில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் ஆளின் சுபாவம் அதில் அப்படியே இருக்கிறது. அவரைப் பொறுத்தவரை பயிற்சி, ஒழுக்கம், இரவு நேரக் கட்டுப்பாடு எல்லாம் பேரம் பேசக்கூடிய சரக்கு. அவர் பக்கம் தருவது கோல். கோல் கொடுத்தாகிவிட்டது என்றால் மற்றதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. இரவு ஊர் சுற்றாவிட்டால் தனக்குக் கோல் வராது என்று வெளிப்படையாகவே சொல்லித் திரிந்தவர்.

இந்தப் பேரம் எல்லோரிடமும் செல்லுபடியாகவில்லை. பிரேசில் தேசிய அணியில் அவர் கதை ஏறி இறங்குவது அதனால்தான்.

தென் அமெரிக்க நாடுகளுக்கான 1989 கோபா அமெரிக்கா போட்டியில் உருகுவேக்கு எதிராக மரக்கானாவில் அவர் போட்ட ஒரே கோல் பிரேசிலுக்குப் பட்டத்தைத் தந்தது. அன்று தேதி ஜூலை 16. சரியாக 39 ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில், அதே மைதானத்தில், அதே உருகுவேயிடம்தான் 1950 உலகக் கோப்பையை பிரேசில் பறிகொடுத்தது. 1990 உலகக் கோப்பைக்குச் சில மாதம் முன்பு காலில் எலும்பு முறிவு. அடித்துப் பிடித்து அணியில் சேர்ந்தாலும் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் ஆட முடிந்தது. அப்புறம் 1992 டிசம்பரில் ஜெர்மனியோடு ஒரு நட்பு ஆட்டம், போர்ட்டோ அலெக்ரியில். நெதர்லாந்திலிருந்து பறந்து வந்தவரைப் பயிற்சியாளர் பரேராவும் அவருக்கு மேலிருந்த ஜகாலோவும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெஞ்சில் உட்காரத்தான் என்று தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்றார். அதோடு கதவு சாத்தப்பட்டது.

அவர் இல்லாமலேயே 1994 தகுதிச் சுற்று தொடங்கியது. லா பாஸின் உயரத்தில் பொலிவியாவிடம் பிரேசில் 2-0 என்று தோற்றது. தகுதிச் சுற்றில் பிரேசில் தோற்றது சரித்திரத்திலேயே அதுதான் முதல் முறை. கடைசி ஆட்டம் 1993 செப்டம்பர் 19, மரக்கானாவில், மறுபடியும் உருகுவே. தோற்றால் உலகக் கோப்பைக்கே போக முடியாமல் போகலாம். நாடு முழுக்க ஒரே பெயரைக் கூவியது. முன்கள வீரர் முல்லருக்குக் காயம் என்ற சாக்கில் பரேரா இறங்கி வந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடியிருந்த அரங்கில் முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் சக முன்கள வீரர் பெபெட்டோ வலப்பக்கத்திலிருந்து தூக்கிப் போட்ட பந்தை அந்தக் குட்டையன் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. கீப்பர் சிபோல்டியைச் சுற்றி வந்து, பக்கவாட்டிலிருந்து தட்டிவிட்டார். 2-0. ஒன்பது மாதம் ஒதுக்கி வைத்த ஆளைப் பற்றி, கடவுள்தான் ரொமாரியோவை மரக்கானாவுக்கு அனுப்பினார் என்று பரேராவே சொல்ல வேண்டியதாயிற்று.

1994 உலகக் கோப்பை அமெரிக்காவில் நடந்தது. போவதற்கு முன் மே மாதம் அப்பா எடெவாய்ர் ரியோவில் கடத்தப்பட்டு, சில நாட்களுக்குப் பின் மீட்கப்பட்டார். அந்தப் பதற்றத்தோடுதான் மகன் விமானம் ஏறினார். டுங்காவும் மௌரோ சில்வாவும் நடுக்களத்தைக் காவல் காத்த அந்த அணி, பிரேசில்காரர்களுக்கே பிடிக்காத இறுக்கமான அணி. அழகு முன்னால் நின்ற இரண்டு பேரிடம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. ரொமாரியோவும் பெபெட்டோவும் மைதானத்துக்கு வெளியே அவ்வளவு ஒட்டு இல்லை என்பார்கள். உள்ளே வந்தால் ஒருவர் ஓடப்போகும் இடம் இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது. ரஷ்யா, கேமரூன், ஸ்வீடன் என்று முதல் சுற்றின் மூன்று ஆட்டத்திலும் ரொமாரியோ கோல் போட்டார். ஜூலை 4 அன்று, தங்கள் சுதந்திர தினத்தில் ஆடிய அமெரிக்காவுக்கு எதிராக பெபெட்டோவுக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் அவரைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஆட்டம் பார்க்கலாம் என்றால் நான் சொல்வது டல்லஸில் நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதி. பிரேசில் 3-2 என்று ஜெயித்தது. முதல் கோல் ரொமாரியோவுடையது: இடப்பக்கத்திலிருந்து பெபெட்டோ அனுப்பிய பந்து, தரையில் பட்டு எழும்பிய கணத்தில் இரண்டு காலும் காற்றில் இருக்க ஓர் உதை. இரண்டாவது கோல் இன்னும் சுவாரஸ்யம். நீளமாக வந்த பந்து விழும் திசையில் ஆஃப்சைடில், அதாவது பந்தைத் தொட்டால் விசில் வரும் இடத்தில், இருந்தவர் ரொமாரியோ. அவர் அந்தப் பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைத்தெருவிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவர் போல, எதிர்த்திசையில் மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தார். டச்சுத் தடுப்பாட்டக்காரர்கள் விசில் வரும் என்று ஒரு கணம் தளர்ந்தார்கள். விசில் வரவில்லை. அந்த இடைவெளியில் புகுந்த பெபெட்டோ கீப்பரைத் தாண்டி அடித்துவிட்டு, புதிதாகப் பிறந்த மகனுக்காகக் கையால் தொட்டில் ஆட்டினார். பக்கத்தில் நின்று ரொமாரியோவும் ஆட்டினார். டச்சுக்காரர்கள் இரண்டு கோலைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது, பிராங்கோவின் நீண்ட ஃப்ரீ கிக். பந்து சீறி வந்த பாதையில் நேராக நின்றவர் மறுபடியும் ரொமாரியோதான். கடைசி நொடியில் முதுகை வில்லாக வளைத்து வழிவிட்டார், பந்து அவரை உரசாமல் கம்பத்து ஓரமாக உள்ளே போனது.

ஒன்றை அடித்தார், ஒன்றுக்குச் சும்மா நடந்தார், ஒன்றுக்கு விலகி நின்றார். சோம்பேறி என்று அவரைத் திட்டியவர்கள் கவனிக்காமல் விட்டது இதைத்தான். எப்போது சும்மா இருப்பது என்பதும் அவருடைய வேலையில் சேர்ந்தது.

அரையிறுதியில் மறுபடி ஸ்வீடன். பத்துப் பேரோடு ஆடிய நெட்டையர்கள் எண்பதாவது நிமிடம்வரை தாக்குப் பிடித்தார்கள். ஜோர்ஜின்யோ தூக்கிய பந்துக்கு அவர்களுக்கு நடுவில் 167 சென்டிமீட்டர் ஆள் எழும்பித் தலையால் முட்டினார், 1-0. ஜூலை 17 இறுதி ஆட்டம் பசடீனாவின் ரோஸ் பவுலில், உச்சி வெயிலில். நம் ஊரில் அப்போது பின்னிரவு ஒரு மணி. இத்தாலியோடு 120 நிமிடம் கோலே இல்லை. கூடுதல் நேரத்தில் கோல் வாசலில் ரொமாரியோவே ஒன்றைக் கோட்டை விட்டார். பெனால்ட்டியில் அவர் அடித்தது கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது, அரை அங்குலம் தள்ளியிருந்தால் கதையே வேறு. இத்தாலியின் பாஜ்ஜியோ அடித்த பந்து மேலே பறந்தது, பிரேசில் 3-2. 24 ஆண்டுக்குப் பின் கோப்பை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர், அந்த வருடத்தின் ஃபிஃபா உலகச் சிறந்த வீரர் இரண்டும் ரொமாரியோ.

அப்போது வயது 28. உச்சத்தில் இருக்கும் ஒருவர் அங்கிருந்து என்ன செய்வார்? பார்சிலோனாவிலேயே இருந்து கோப்பைகளை அள்ளுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவர் விடுமுறை முடிந்து தாமதமாகத் திரும்பினார், சில மாதம் அரை மனதாக ஆடினார், 1995 ஜனவரியில் ரியோவுக்கே கிளம்பி ஃபிளமெங்கோவில் சேர்ந்துவிட்டார். ஐரோப்பியப் பார்வையில் இது தற்கொலை. பின்னால் வாலன்சியாவுக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்ததும் ஒட்டவில்லை. ஐரோப்பியக் கோப்பைகளை வைத்தே ஆட்டக்காரரை எடைபோடுகிறவர்கள் அவரை பிரேசிலின் ரொனால்டோவுக்குக் கீழே, ரொனால்டின்யோவுக்கும் கீழே வைப்பதற்கு இந்த முடிவுதான் காரணம். எனக்கு அது நஷ்டமாகத் தெரியவில்லை. கடற்கரையில் கால் வாலிபால், இரவில் நண்பர்கள், ஞாயிற்றுக்கிழமை கோல் என்று வாழ விரும்பினார், வாழ்ந்தார். ஃபிளமெங்கோவின் நூற்றாண்டு வருடத்தில் மாநிலப் பட்டத்தை ஃப்ளுமினென்ஸின் ரெனாட்டோ கௌஷோ வயிற்றால் தள்ளிய கோலில் பறிகொடுத்தது போன்ற அவமானங்களும் இருந்தன. 1999 கடைசியில், தோற்ற ஆட்டத்தின் இரவே கொண்டாட்டத்துக்குப் போனார் என்று ஃபிளமெங்கோ அவரை அனுப்பிவிட்டது. அதற்கும் அசராமல் வாஸ்கோவுக்கே திரும்பினார்.

உலகக் கோப்பை மட்டும் இன்னொரு முறை வாய்க்கவில்லை. 1997-இல் ரொனால்டோவும் அவரும் சேர்ந்து ஆடியதைப் பார்த்தவர்கள் 1998 பிரேசிலுக்குத்தான் என்று முடிவே கட்டியிருந்தார்கள். தொடர் தொடங்கும் முன் தசைக் காயம் என்று பிரான்சிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார். பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதார். ஊருக்கு வந்து, தன் மதுக்கடையின் கழிவறைக் கதவுகளில் அப்போது பயிற்சியாளராக இருந்த ஜகாலோவையும் ஒருங்கிணைப்பாளராக இருந்த ஜீக்கோவையும் கேலிச் சித்திரமாக வரைய வைத்தார். விஷயம் நீதிமன்றம்வரை போனது. 2001-இல் பயிற்சியாளர் ஸ்கோலாரியிடம் கண் அறுவை சிகிச்சை என்று சொல்லி கோபா அமெரிக்காவுக்கு விடுப்பு வாங்கிவிட்டு, வாஸ்கோவோடு மெக்சிகோவில் நட்பு ஆட்டம் ஆடப் போனார். ஸ்கோலாரி அதை மறக்கவில்லை. 2002-க்கு ரொமாரியோ வேண்டும் என்று தெருவெல்லாம் கூவியும், அவரே கண்ணீரோடு கேட்டும் எடுக்கவில்லை. அணி கோப்பையோடு திரும்பியது. பேரம் படியாத இடம் என்றால் இதுதான். கோல் தருகிறேன், மற்றதைக் கேட்காதே என்ற வியாபாரத்துக்கு ஸ்கோலாரி கடையில் இடமில்லை.

கிளப் ஆட்டத்தில் ஆள் தளரவே இல்லை. 2000 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டை வாஸ்கோ 3-1 என்று வென்றபோது இரண்டு கோல். டிசம்பர் 20 அன்று, தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான மெர்கோசூர் கோப்பை இறுதியில், எதிரணி பல்மெய்ராஸின் அரங்கிலேயே, இடைவேளையில் 3-0 என்று பின்தங்கியிருந்த வாஸ்கோ 4-3 என்று ஜெயித்தது. அதில் மூன்று இவருடையவை, வெற்றிக் கோல் ஆட்டம் முடியும் தறுவாயில். 2001-இல் பிரேசில் லீக்கின் அதிக கோல் அடித்தவர். 2005-இல் மறுபடி, 22 கோலோடு, 39 வயதில்.

39 வயதில் எப்படி? மறுபடியும் அந்த நான்கைந்து எட்டுக்குத்தான் வர வேண்டும். ரொனால்டோவின் ஆட்டம் நாற்பது மீட்டர் ஓட்டத்தில் கட்டப்பட்டது. முட்டி போனதும் பாதி ஆட்டம் போனது, 34 வயதில் ஓய்வு. ரொமாரியோ தன் உடம்பை முதல் நாளிலிருந்தே சிக்கனமாகச் செலவழித்தார். வேகம் குறைந்தபோது ஐந்து எட்டு மூன்றானது, மற்றபடி ஆட்டத்தின் வரைபடம் மாறவில்லை. இன்றைய கால்பந்தில் முன்கள வீரரும் ஓடி ஓடி எதிரணியை நெருக்க வேண்டும், ரொமாரியோவுக்கு இடமே இருக்காது என்பார்கள். பாதி சரி. தொண்ணூறு நிமிடமும் அவரைச் சும்மா நிற்க இப்போது யாரும் விடமாட்டார்கள். ஆனால் வருடத்துக்கு 30 கோல் என்று எழுதிக் கொடுக்கிற ஆளை எந்தப் பயிற்சியாளர் வேண்டாம் என்பார் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

2005 ஏப்ரல் 27-இல் சாவோ பாவ்லோவின் பகயெம்பு அரங்கில் குவாதமாலாவுக்கு எதிராக தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். ஒரு கோலும் போட்டார், கணக்கு 70 ஆட்டத்தில் 55. அதன் பிறகு ஆடியதெல்லாம் ஆயிரத்துக்காகத்தான். மியாமி, ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் என்று எங்கே கோல் கிடைக்குமோ அங்கே போனார். கடைசியில் மறுபடி வாஸ்கோ. ஆயிரம் வந்த அதே வருடக் கடைசியில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். உடம்பில் இருந்தது ஃபினாஸ்டரைடு. அது முடி கொட்டாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை. வேறு மருந்துகளை மறைக்க உதவும் என்று அப்போது தடைப் பட்டியலில் வைத்திருந்தார்கள். 120 நாள் தடை, பிறகு மேல்முறையீட்டில் விடுதலை. வழுக்கைக்குப் பயந்து மாட்டிக்கொண்ட உலக சாம்பியன் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அரசியல் தனிக் கதை. 2010-இல் கீழவை உறுப்பினர், 2014-இல் ரியோ மாநிலத்திலிருந்து நாற்பது லட்சத்துக்கும் மேலான ஓட்டுகளில் செனட்டர், 2022-இல் மறுபடியும். பயிற்சிக்கு வராதவர் என்று பெயரெடுத்தவர் நாடாளுமன்றத்தில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடர்ந்து பேசினார். அவருடைய மகள்களில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோம் உண்டு. 2014 உலகக் கோப்பைக்குக் கொட்டிய பணத்தையும் பிரேசில் கால்பந்து சங்கத் தலைவர்களையும் அவர் விளாசிய அளவுக்கு வேறு எந்த முன்னாள் வீரரும் விளாசவில்லை.

2008 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார். ஆயிரத்துக்குப் பிறகு அவர் நோட்டில் ஏறியவை இரண்டே கோல், மொத்தம் 1,002. அந்த வருடமே அப்பா எடெவாய்ர் இறந்துபோனார். மகன் வாஸ்கோவுக்கும் ஃபிளமெங்கோவுக்கும் ஆடினாலும், அப்பா கடைசிவரை அமெரிக்கா என்ற சிறிய ரியோ கிளப்பின் ரசிகர். ஒரு நாள் அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொள்வேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். 2009 நவம்பரில், மாநில இரண்டாம் பிரிவுப் போட்டியில், 43 வயது ரொமாரியோ அமெரிக்கா கிளப்புக்காக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். அணி ஜெயித்தது, பட்டமும் வென்றது. அவர் கோல் போடவில்லை. கணக்கு 1,002-லேயே நின்றது.